கோதண்டம் அண்ணா நிறுத்திய பேருந்து

சென்ற திங்கட்கிழமை காலை எட்டு மணிப் பேருந்து விசில் சத்தமில்லாமல் வந்து நின்றது. ஓட்டுநரே இறங்கி வந்து, “கோதண்டம் பூட்டாரு பாப்பா. நேத்து மார்வலி,” என்றார். பழவேற்காடு–பொன்னேரி பேருந்தின் நடத்துநரான அவரிடம் திட்டு வாங்காதவர் நம் பள்ளியில் இல்லை. திட்ட ஆளில்லாதபோதும் அன்று ஒருவரும் படியில் நிற்கவில்லை.

மீன் கூடைகள் கூரைக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் சட்டம். கூடைத் தண்ணீர் ஜன்னலோரச் சட்டைகளில் சொட்டும். கேட்டால், “உள்ள வெச்சா எல்லாரும் நாறுவீங்க. மேல வெச்சா நாலு பேருதான்,” என்பார்.

போன வருடம் பொன்னேரி அறிவியல் கண்காட்சிக்கு ஒரு பக்கெட் தண்ணீரில் கடற்புல்லும் இறால் குஞ்சுகளும் கொண்டுபோனேன். பழவேற்காடு ஏரியடியில் வளரும் இந்தப் புல்லை, வலையில் சிக்கும் குப்பை என்று பிடுங்கி எறிகிறோம். அதற்குள்தான் குஞ்சுகள் ஒளிந்து வளர்கின்றன. இரண்டையும் உயிரோடு காட்டிவிட்டு, உயிரோடு ஏரியில் விட்டுவிட வேண்டும் என்று உறுதி எடுத்திருந்தேன்.

பக்கெட்டைப் பார்த்ததும், “மேல ஏத்து,” என்றார் கோதண்டம் அண்ணா.

“மேல வெயில்ண்ணா, செத்துடும். இது மீன் இல்ல, புல்லு.”

குனிந்து பார்த்தார். “புல்லுன்ற. புல்லுக்கு இன்னாத்துக்கு மீசை?”

விளக்கினேன். முழுப் பாடத்தையும் விளக்கினேன். ஓட்டுநர் மூன்று முறை ஹாரன் அடித்தார்.

“இது எறாலுக்கு ஊடு. அவ்ளோதானே? அதுக்கா இம்மாம் நேரம்?” என்று பக்கெட்டைத் தம் இருக்கையில் வைத்துவிட்டுப் பொன்னேரி வரை நின்றுகொண்டே வந்தார்.

வழியில் ஒரு அம்மாள், “பாவம், தாகத்துல தவிக்குதுங்க,” என்று கூஜாவைச் சாய்த்தார். விசில் அலறியது. “அதுங்க உப்புத்தண்ணி புள்ளைங்கம்மா! நல்ல தண்ணி ஊத்துனா பூடும்!”

முதல் பரிசு, கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த சோடா மாவு எரிமலைக்குக் கிடைத்தது. எனக்கு ஒரு சோப்பு டப்பா. திரும்பும்போது அவர்தான் கொதித்தார். “நம்மூர்ல எரிமலைக்கு இன்னா வேலை?”

அதற்குள் பக்கெட் தண்ணீர் சுட ஆரம்பித்திருந்தது. குஞ்சுகள் பக்கவாட்டில் சாய்ந்தன. எனக்கு அழுகை வந்தது. ஏரி சாலையைத் தொடும் வளைவில், நிறுத்தமே இல்லாத இடத்தில், விசில் அடித்தார்.

“இன்னாய்யா பேஜாரு? யாரு எறங்குறது?” என்று ஒருவர் கத்தினார்.

“இருப்பா, பாசஞ்சர் எறங்குது.”

ஓடிப்போய்த் தண்ணீருக்குள் பக்கெட்டைச் சாய்த்தேன். கொஞ்ச நேரம் அசைவில்லை. பிறகு ஒன்று துள்ளியது. அதன் பின்னால் மற்றவையும் புல்லுக்குள் பாய்ந்தன.

படியிலிருந்து கேட்டார்: “எத்தினி பேரு பொழச்சாங்க?”

“எண்ண முடியலண்ணா!”

அதன்பிறகு, புல்லைப் பிடுங்குகிறவர்களின் கூடைக்குக் கூரையிலும் இடமில்லை என்று மிரட்டத் தொடங்கினார். கொஞ்சம் பலித்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு வாக்கியம்தான். நேற்று அந்த வளைவைப் பேருந்து நிற்காமல் கடந்தபோது, “பாசஞ்சர் எறங்குது,” என்று மெல்லச் சொன்னேன்.

பக்கத்திலிருந்த அம்மாள் அவசரமாக முழங்காலை ஒதுக்கி எனக்கு வழி விட்டார்.