சீட்டுக்கட்டை வெட்ட இன்னொரு கை

அந்த விளையாட்டை நான் விளையாடியதைவிட, அதைப் பற்றி மற்றவர்கள் எழுதிய கருத்துகளைப் படித்ததுதான் அதிகம். பாயான் லெப்பாஸில் சிப்டு முடிந்து தொழிற்சாலை பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் போனை எடுப்பேன். பக்கத்து இருக்கைக்காரர் பஸ் நகர்வதற்குள் தூங்கிவிடுவார். நான் முன்பின் தெரியாதவர்களின் புலம்பலைப் படித்துக்கொண்டு ஜெலுத்தோங்கில் வீட்டு வாசல்வரை வந்து சேர்வேன்.

விளையாட்டு இதுதான். ஒரு மாய உலகம், அதில் எல்லாமே சீட்டுகள். ஊர் ஒரு சீட்டு, கடல் வரிசை வரிசையாகச் சீட்டுகள், எதிரில் வரும் பூதம் ஒரு சீட்டு. நம்மோடு நடந்து வரும் வைத்தியச்சியும் திருடனும் ஒற்றைக்கண் நாயும்கூடச் சீட்டுகள்தான். கவிழ்ந்து கிடக்கும் சீட்டின்மேல் நம் ஆளைக் கொண்டுபோய் நிறுத்தினால் அது மெதுவாகத் திரும்பும். கிணறு வருமோ, காடு வருமோ, சண்டை வருமோ, அது நம் அதிர்ஷ்டம். கதையைச் சொல்ல ஒருவர் குரல் மட்டும் கொடுத்துக்கொண்டே வருவார்.

போன தீபாவளிக்கு வந்திருந்தபோது மருமகன்தான் இதை என் போனிலும் என் மனைவியின் போனிலும் போட்டுவைத்தார். "மாமா, நீங்கதான் சீட்டுப் பைத்தியமாச்சே, இது உங்களுக்குப் புடிக்கும்" என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு மறந்துபோனேன். என் மனைவி தலையைக்கூட ஆட்டவில்லை.

பிறகு மகளுக்குக் குழந்தை பிறந்தது. அவர்கள் இருப்பது நாட்டின் தெற்குக் கோடியில், ஜொகூர் பாருவில். மருமகன் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்குப் பாலம் ஏறிவிடுவார், மகளுக்கும் வேலை. குழந்தையை யாரிடம் விடுவது? தலை நிற்கும்வரை பார்த்துக்கொள்கிறேன் என்று என் மனைவி கிளம்பிப் போனாள். தலை நின்றது. தவழ்ந்தது. இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறதாம். அவள் இன்னும் திரும்பவில்லை.

தினமும் கூப்பிடுவாள். "பசியாறிட்டீங்களா?" என்பாள். ஆச்சு என்பேன். "என்னா சாப்பிட்டீங்க?" என்று விடாமல் கேட்பாள். நானும் கூசாமல், பாசாரில் கெம்போங் மீன் வாங்கிக் குழம்பு வைத்தேன் என்பேன். உண்மையில் கீழ்க்கடையில் கட்டி வாங்கிய சோற்றை, பொட்டலத்தைப் பிரித்து, அடுப்படியில் நின்றபடியே தின்றிருப்பேன். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரில் இருக்கும் நாற்காலியைப் பார்க்க வேண்டும்.

தனியாக இருக்க முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அவள் வந்துவிட்டால் மகள் வேலையை விட வேண்டும். அதனால் சொல்லவில்லை. வெட்கமும் இருந்தது. டிவி இருக்கிறது, பைப்பில் தண்ணீர் வருகிறது, சம்பளம் வருகிறது, ஐம்பது தாண்டிய ஆம்பளைக்கு இன்னும் என்ன கேடு?

அந்தச் சமயத்தில்தான் விளையாட்டைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால், அந்தக் குரலுக்காகத்தான் விடாமல் விளையாடினேன். "இதோ, ஒரு கிராமம் தெரிகிறது, உனக்குக் களைப்பாக இருக்கிறது" என்று அது சொல்லும். வீட்டில் என்னைப் பார்த்துக் களைப்பா என்று கேட்க அது ஒன்றுதான் இருந்தது.

கருத்து எழுதியவர்களுக்கோ அந்தக் குரலைக் கண்டாலே ஆகவில்லை. பேசுகிறவருக்குத் தூக்கம் வருகிறது, எனக்கும் வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரு சீட்டு திரும்புவதற்குள் நான் மீ நூடுல்ஸ் அவித்துத் தின்று தட்டையும் கழுவிவிடுவேன் என்று இன்னொருவர். என் மருமகன் போகிற பாலத்தில் சாயங்காலம் மாட்டிக்கொண்டு நின்று பாரு ராஜா, அப்புறம் தெரியும் பொறுமை என்றால் என்னவென்று, என்று மனசுக்குள் பதில் சொல்வேன். ஒரு பெண் வைத்தியச்சியின் உடுப்பு அழகாக இருக்கிறது என்று ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தாள். நாய்க்கு இரண்டு கண்ணும் வேண்டும் என்று ஒருவர் கோரிக்கை வைத்திருந்தார். தங்கச் சீட்டு சீக்கிரம் கிடைப்பதில்லை, எல்லாம் ஏமாற்று என்று பலர் திட்டியிருந்தார்கள். போனில் திறக்கவே இல்லை என்று ஒற்றை நட்சத்திரம் கொடுத்தவர் ஒருவர், திறக்காத விளையாட்டைப் பற்றி ஒரு முழ நீளத்துக்குப் பத்தி எழுதியிருந்தார். எழுதுவதற்கு ஆளுக்கு என்னவோ இருந்தது. படிப்பதற்கு எனக்கு நேரம் இருந்தது.

எல்லாரும் ஒன்றுகூடித் திட்டியது கடைசிக் கதவைத்தான்.

கடைசிக் கதவுக்கு முன்னால் ஒரு மேசை வரும். நாம் அதுவரை சேர்த்த சீட்டுகளெல்லாம் அதன்மேல் ஒரே அடுக்காக இருக்கும். "இதை வேறொரு கை வெட்டித் தரட்டும்" என்று குரல் சொல்லும். இன்னொரு ஆட்டக்காரருக்கு நாம் அழைப்பு அனுப்ப வேண்டும். அவர் தம்முடைய போனில் அந்தச் சீட்டுக்கட்டைத் தொட்டு இரண்டாகப் பிரித்தால்தான் கதவு திறக்கும். அப்படி யாரும் இல்லையா, அங்கேயே நிற்க வேண்டியதுதான். இத்தனை தூரம் தனியாக நடக்கவிட்டு, கடைசியில் கூட ஆள் எங்கே என்று கேட்கிறது.

தனியாக விளையாடுவது என்றுதானே இறக்கினேன், இது என்ன அநியாயம் என்று எழுதியிருந்தார்கள். எனக்குக் கூட்டாளிகள் இருந்தால் நான் ஏன் இந்த விளையாட்டை விளையாடப் போகிறேன் என்று ஒருவர் கேட்டிருந்தார். அதை ஆமோதித்துக் கைதூக்கியவர்கள் ஏராளம். அவர் சிரிப்புக்காகத்தான் எழுதியிருப்பார். பஸ்ஸில் அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை, போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஆனால் கதவின்மேல் எனக்குக் கோபம் இல்லை. சரியாகச் சொன்னால், அந்த விளையாட்டைச் செய்தவர்களில் யாரோ ஒருவர் நிஜமான சீட்டு மேசையில் உட்கார்ந்தவர் என்று தோன்றியது.

எங்கள் வீட்டுத் தீபாவளி சீட்டில்லாமல் முடிந்ததில்லை. வந்தவர்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் ஹாலில் பாய் விழுந்துவிடும். அந்தப் பாயில் சில சட்டங்கள் உண்டு. சீட்டைக் கலைத்தவன் தானே வெட்டக்கூடாது. இன்னொருவரிடம் நீட்ட வேண்டும், அவர் மேல்பாதியை எடுத்துக் கீழே வைக்க வேண்டும். வெட்ட மனமில்லாவிட்டால் விரல் முட்டியால் ஒரு தட்டாவது தட்ட வேண்டும். அப்போதுதான் அது ஆட்டம்.

என் மனைவிக்கு ரம்மி தெரியாது. ராஜாவுக்கும் ஜாக்கிக்கும் வித்தியாசம் கேட்டால் மீசையைத் தேடுவாள். ஆனாலும் நான் கலைத்த சீட்டை அவள்தான் வெட்டுவாள். முறுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு அவள் அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடக்கும்போது நான் சீட்டை மேலே நீட்டுவேன். பேச்சைக்கூட நிறுத்தாமல், சும்மா இருக்கும் கையால் வெட்டி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பாள். "அண்ணி வெட்டுனா நமக்கு ஒன்னும் மிஞ்சாதுலா" என்று என் தம்பி தலையில் கைவைப்பான். ஆட்டம் முடிந்ததும் அவள் வந்து, "நல்ல சீட்டு விழுந்துச்சா?" என்று கேட்பாள். மொத்தமாகத் தோற்றிருந்தாலும் நல்லதுதான் என்பேன்.

இதையெல்லாம் மனத்தில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முதலாக நானும் ஒரு கருத்து எழுதினேன். எனக்கு வரும் மலாயில், ஐந்து நட்சத்திரம் கொடுத்து எழுதினேன். கடைசிக் கதவை யாரும் குறை சொல்ல வேண்டாம், கலைத்தவனே வெட்டினால் அது ஆட்டமல்ல, சீட்டு பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியும் என்று கொஞ்சம் மிடுக்காகவே முடித்தேன்.

மறுநாள் பஸ்ஸில் பார்த்தால் கீழே ஒரு பதில் வந்திருந்தது. "அங்கிள், நீங்கள் அந்தக் கதவைத் தாண்டிவிட்டீர்களா?"

அங்கிள் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கத் தேவையில்லை, எழுதிய தோரணையே காட்டிக் கொடுத்திருக்கும். கேட்டவர் குத்தலாகக் கேட்டாரா, சாதாரணமாகக் கேட்டாரா தெரியாது. எனக்கு முகத்தில் அடித்தது போலிருந்தது. நான் தாண்டவில்லை. என் ஆள் பல வாரமாக அந்த மேசைக்கு முன்னால்தான் நின்றுகொண்டிருந்தான்.

தங்களுக்கும் வெட்ட ஆள் வேண்டும் என்று சிலர் தங்கள் ஆட்ட எண்ணைக் கருத்துகளிலேயே போட்டிருந்தார்கள். வெட்கத்தை விட்டுவிட்டு அதில் சிலருக்கு அழைப்பு அனுப்பினேன். ஒருவரும் வரவில்லை. பழைய எண்கள். அவர்கள் எப்போதோ யாரையோ பிடித்துக் கதவைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

தொழிற்சாலையில் கேட்டிருக்கலாம். இந்த வயதில் சீட்டுப் பூதத்தோடு சண்டை போடுகிறேன் என்று எவனிடம் போய்ச் சொல்வது? மனைவியிடம் கேட்டிருக்கலாம். அவளிடம் கேட்டால் விளையாட்டோடு நிற்காது, ஏன் விளையாடுகிறீர்கள் என்பதில் தொடங்கி வேறெங்கோ போய் முடியும். அதற்குத்தான் பயந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அடுப்படி இழுப்பறையில் அவளுடைய பழைய போன் ஞாபகத்துக்கு வந்தது. மகள் புதுப்போன் வாங்கித் தந்தபோது விட்டுச்சென்றது, மூலையில் கண்ணாடி விரிசல். சார்ஜ் போட்டேன், உயிர் வந்தது. விளையாட்டைத் திறந்தேன். அவளுடைய ஆள், மருமகன் தொடங்கிவைத்த இடத்தில், முதல் சீட்டின்மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தான்.

போனை மேசையில் அவள் உட்காரும் பக்கத்தில் வைத்தேன். இந்தப் பக்கம் உட்கார்ந்து என் போனிலிருந்து அவளுக்கு அழைப்பு அனுப்பினேன். எதிர்ப்பக்கத்துப் போனில் சீட்டுக்கட்டு வந்து நின்றது. எழுந்துபோய் ஒரு விரலால் தொட வேண்டியதுதான், வேலை முடிந்தது.

எழுந்து போகவும் செய்தேன். விரல்தான் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் சட்டம் எழுதிவிட்டு, இப்போது யாருமில்லாத வீட்டில் என் சீட்டை நானே வெட்டப் போகிறேன். தம்பி பார்த்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவான். அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டே இருந்தேன். அழுகை வந்தது என்று எழுதுவதில் எனக்கு இப்போது வெட்கம் இல்லை.

அப்போது அந்தச் சீட்டுக்கட்டு தானாக இரண்டாகப் பிரிந்தது.

நான் தொடவில்லை. விரிசல் விழுந்த போன், பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். என் போனில் கதவு திறக்கும் சத்தம் கேட்டது, குரல் ஏதோ பாராட்டிப் பேசியது. அந்தப் பேச்சை வெட்டிக்கொண்டு மனைவியின் அழைப்பு வந்தது.

"என்னாங்க, உங்க பேரு போட்டு ஒரு சீட்டுக்கட்டு வந்துச்சு. வெட்டிட்டேன். சரிதானே?"

"உனக்கு எப்படி வந்துச்சு?"

"எனக்கு என்னா தெரியும். பழைய போன்ல இருந்ததெல்லாம் மக இதுல ஏத்திக் கொடுத்தாள்ல. டிங்னு சத்தம் வந்துச்சு. பிள்ளைய தொட்டில்ல போட்டு ஆட்டிக்கிட்டு இருந்தேன், ஒரு கை சும்மாதான் இருந்துச்சு. நீங்க நீட்டுனா நான் வெட்டறதுதானே."

அவள் நாற்காலியை இழுத்து அதில் உட்கார்ந்தேன்.

"நல்ல சீட்டு விழுந்துச்சா?"

"நல்லதுதான்" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டேன்.

"என்னா ஒரு மாதிரி பேசறீங்க? பசியாறிட்டீங்களா?"

மீன் குழம்பு என்று வாய்வரை வந்தது. "இல்ல" என்றேன். "ஒத்தையா உக்காந்து சாப்பிட முடியல. வீடு சத்தமே இல்லாம கிடக்கு."

அந்தப் பக்கம் தொட்டிலின் ஸ்பிரிங் கிறீச்சிடுவது கேட்டது. பிள்ளை எழுந்துவிடக்கூடாது என்பதுபோல மெதுவாகக் கேட்டாள். "நான் வந்துறவா?"

வா என்று சொல்ல ஒரு மூச்சு போதும். தொட்டிலில் பிள்ளை சிணுங்கியது. அவள் வாயால் ஏதோ சத்தம் செய்து அடக்கினாள். அந்தச் சத்தம் எனக்குத் தெரியும், எங்கள் மகளுக்கும் அப்படித்தான் செய்வாள்.

"வேணாம்லா" என்றேன். "பிள்ளை இப்பத்தான் நடக்குது. நான் லீவு போட்டுட்டு வரேன்."

"இப்படித்தான் சொல்லிக்கிட்டே இருக்கீங்க" என்றாள். வைக்கும்முன், "இன்னும் வெட்டணும்னா அனுப்புங்க. என்னா வேலையா இருந்தாலும் வெட்டித் தரேன்" என்றாள்.

அனுப்புகிறேன் என்றேன். அதுதான் கடைசிக் கதவு என்று நான் சொல்லவில்லை.

கதவுக்கு அப்பால் அதிகம் ஒன்றுமில்லை. ஒரு கடல், ஒரு படகு. உன் கதை முடிந்தது என்று சொல்லிவிட்டு அந்தக் குரலும் நின்றுபோனது. முடித்தபின் மறுபடி விளையாட ஒரு காரணமும் இல்லை, அதனால் இரண்டு நட்சத்திரம் குறைத்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. என்னிடம் கேட்டவருக்கு, தாண்டிவிட்டேன், என் மனைவி வெட்டித் தந்தாள் என்று பதில் போட்டேன்.

பிறகு 'புதிதாகத் தொடங்கு' என்பதை அழுத்தினேன். சேர்த்த சீட்டுகளெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது. சம்மதம் என்றேன். அந்தக் கதவுக்கு மறுபடி போய்ச் சேர வெகுநாள் ஆகும். இரண்டு போனையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவள் ஆளும் என் ஆளும் முதல் சீட்டின்மேல் நின்றுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் அப்படியே நிற்கவிட்டேன். அப்புறம் என் ஆளை மட்டும் நடத்திக்கொண்டு கிளம்பினேன்.