மூடியைத் தராத சக்கர அக்கா

வேகமான கார்களை ஓட்டிக்கொண்டு சக்கர அக்காவின் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை உண்டு. மூடி விஷயத்தை முன்பே கேள்விப்பட்டவர்கள் ஒரு வகை. கேள்விப்படாமல் வந்து அக்காவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இன்னொரு வகை.

சக்கரம் உள்ளடங்கிக் கிடக்கிறது, கொஞ்சம் வெளியே வந்தால் வண்டி எடுப்பாக இருக்கும் என்று ஸ்பேசர் போட வருவார்கள். ஸ்பேசர் என்பது சக்கரத்துக்கும் அதைத் தாங்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கிற அலுமினிய வட்டு. ஒரு விரல் தடிமன்தான். ஆனால் அது சரியாக உட்காராவிட்டால் சக்கரம் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம். புதிதாகப் போட்டது நூறு கிலோமீட்டர் ஓடினால் கொஞ்சம் படியும். அப்போது போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை முறுக்கிப் பார்த்தே ஆக வேண்டும். "கண்டிப்பா வரேங்க்கா" என்று தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள் வரவே மாட்டார்கள். அதனால் அக்கா, சக்கரத்தின் நடுவில் முத்திரையோடு பளபளக்கும் நாலு மூடிகளையும் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டிவிடுவார். நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து காட்டினால்தான் மூடி கிடைக்கும். தங்கள் முகத்தைக் கழுவ மறந்தாலும் காரைத் துடைக்க மறக்காத மனிதர்கள் இவர்கள். நாலு சக்கரத்திலும் ஓட்டை தெரிய எத்தனை நாள் சுற்றுவார்கள்? மறுநாளே வந்து நிற்பார்கள்.

"என்னக்கா, சின்னப் பசங்க பந்தப் பிடுங்கி வெக்கற மாதிரி பண்றீங்களே?"

"சின்னப் பசங்களாவது சொன்னா கேப்பாங்க" என்பார் அக்கா.

கடை வைப்பதற்கு முன் பன்னிரண்டு வருஷம் பஸ் டிப்போவில் சக்கரப் பிரிவில் இருந்தார். கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். வீட்டுக் கதவின் கைப்பிடியில் எப்போதும் அக்காவின் கிரீசும் வாத்தியாரின் சாக்பீஸ் தூளும் சேர்ந்தே இருக்கும். மனிதர் வாயைத் திறப்பதே அபூர்வம். இரண்டு பேருக்கும் சேர்த்து அக்கா பேசிவிடுவார். நல்ல மனசு, கை சுத்தம், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனால் தன் மேல் தப்பு என்று ஒத்துக்கொள்வது மட்டும் அக்காவின் அகராதியிலேயே கிடையாது. சாம்பாரில் உப்பு கூடினால்கூட உப்பு இப்போது ரொம்பக் கரிக்கிறது என்பார்.

அந்த மூடிப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது வாடிக்கையாளர்களுக்குத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முன்பு வரை அக்காவின் தம்பியும் அதே கடையில்தான் வேலை செய்தான். ஒருநாள் ஒரு கார் சக்கரம் ஆடிக்கொண்டே திரும்பி வந்தது. கடை நிறைய ஆட்கள். அக்கா எல்லார் முன்னாலும் தம்பியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். "அந்தச் சக்கரம் நான் போடலக்கா" என்று அவன் இரண்டு தடவை சொன்னான். மூன்றாவது தடவை சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனவன் போனவன்தான். பத்து நாள் கழித்து, அந்தக் கார் முதல் தடவை வேலைக்கு வந்த நேரத்தில் தம்பி உதிரிப் பாகம் வாங்க வெளியே போயிருந்தது அக்காவுக்கு ஞாபகம் வந்தது. அப்படியானால் சக்கரத்தைப் போட்டது யார்? கடையில் வேறு யார் இருந்தார்கள்? அடுத்து வந்த வண்டியிலிருந்தே மூடிகள் அலமாரிக்குப் போக ஆரம்பித்தன. அன்றைக்கே போன் பண்ணியிருக்கலாம். நாளைக்குப் பண்ணலாம் என்றார், அப்புறம் அடுத்த வாரம் என்றார், அப்படியே மூன்று வருஷம் ஓடிவிட்டது. நடுவில் அவனுக்குக் கல்யாணம் நடந்தது. அக்கா போய் ஒரு ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தார்.

அப்படிப்பட்ட தம்பி போன வெள்ளிக்கிழமை மத்தியானம் கருநீலக் கார் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினான். ஐந்து விநாடியில் நூறைத் தொடுகிற வண்டி, யாரோ வைத்திருந்ததை வாங்கியிருக்கிறான். அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"ஸ்பேசர் போடணும்" என்றான், வண்டியைப் பார்த்தபடி. கையில் ஒரு அட்டைப்பெட்டி. ஆன்லைனில் வாங்கினதாம்.

அக்கா வட்டைக் கையில் எடுத்துப் பார்த்தார். வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் குப்பைத்தொட்டிக்குள் போயிருக்கும். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "நடு ஓட்டை பெருசா இருக்குடா. ஹப்புல கச்சிதமா உக்காராது. போல்ட்டும் பழசே போட முடியாது. வட்டு எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளம் கூட வேணும். என்கிட்ட இருக்கறதப் போடட்டுமா?"

சண்டைக்குத் தயாராக வந்தவன் போல நின்ற தம்பி, தோளைத் தளர்த்தினான். "போடு."

அக்கா கம்பி பிரஷ்ஷால் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைத் தேய்த்து எடுத்தார். வட்டை வைத்து, அது ஆடாமல் உட்கார்ந்ததா என்று விரலால் தட்டிப் பார்த்தார். புது போல்ட்டைக் கையாலேயே திருகி, எத்தனை சுற்று பிடிக்கிறது என்று எண்ணினார். எட்டு. கூடவே தம்பியும் எண்ண ஆரம்பித்தான். மூன்றாவது சக்கரத்துக்கு வரும்போது அவன் தன் மாமனார் கார் ஓட்டும் அழகைச் சொல்லிக்கொண்டிருந்தான். மனிதர் திரும்புகிற பக்கத்துக்கு உடம்பையும் சாய்ப்பாராம், பக்கத்தில் இருப்பவரையும் சாயச் சொல்வாராம். அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நாலாவது சக்கரமும் சிரிப்போடு சிரிப்பாக மாட்டியாகிவிட்டது. வண்டியைக் கீழே இறக்கி, இறுக்கம் அளவுக்கு வந்ததும் சத்தம் கொடுக்கும் டார்க் ரெஞ்ச் 'டிக்' என்று சொல்லும் வரை ஒவ்வொரு போல்ட்டாக எதிரெதிராக முறுக்கினார். கடைசியில் மூடிகளைக் கையில் எடுத்தவர் ஒரு நிமிஷம் யோசித்தார். மூன்று வருஷம் கழித்து வந்திருக்கிறான், இவனிடம் போய் மூடியைப் பிடித்துவைப்பதா? தன் கையாலேயே நாலையும் அழுத்தி மாட்டிவிட்டார்.

"நாளைக்குக் காலைல நானும் அவளும் மலைக்குப் போறோம்" என்றான் தம்பி.

"பத்திரமாப் போயிட்டு வாங்க" என்றார் அக்கா. அவருக்கு உச்சி குளிர்ந்து போயிருந்தது. நூறு கிலோமீட்டர் பேச்சே அவர் வாயில் வரவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கடையைப் பெருக்கும்போதுதான் பார்த்தார். கார் நின்ற இடத்தில், தரையில் செம்பழுப்பாகத் துருத்தூள் சிந்திக் கிடந்தது. முன்னால் இரண்டு இடம். பின்னால் வலது பக்கம் ஒரு இடம். பின்னால் இடது பக்கம் தரை சுத்தமாக இருந்தது.

அந்தச் சக்கரத்தை மட்டும் அக்கா தேய்க்கவே இல்லை. துருவின் மேலேயே வட்டை வைத்து முறுக்கியிருக்கிறார். ஓட ஓடத் துரு நொறுங்கும், வட்டுக்கும் ஹப்புக்கும் நடுவே இடைவெளி விழும், போல்ட் தளரும். அதுவும் மலைப்பாதையில்.

தம்பியின் போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஐந்தாவது தடவை தம்பி மனைவி எடுத்தாள். "அண்ணி, அவர் வண்டி ஓட்டிட்டு இருக்காரு."

"எங்கம்மா இருக்கீங்க?"

"மலை ஏறப் போறோம். அடிவாரத்துல ஒரு பெட்ரோல் பங்க் தெரியுது."

"அங்கயே நிறுத்தச் சொல்லு. மெதுவா, ஓரமா. ஒரு சக்கரத்துல வேலை பாக்கி இருக்கு. நான் வரேன்."

பழைய வேனில் சாமான்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அக்கா கிளம்பினார். ஒன்றேகால் மணி நேர ஓட்டம். வழியெல்லாம் வாய் தானாகச் சாக்குகளைத் தயார் பண்ணியது. புது வட்டு சரியில்லை என்று கம்பெனியில் சொன்னார்கள். சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தேன். ஒவ்வொன்றும் நம்பும்படியாகத்தான் இருந்தது. அதுதான் அக்காவுக்குப் பயமாக இருந்தது. இவன் மறுபடி போய்விட்டால் இனி வரமாட்டான் என்பதும் தெரியும்.

தம்பி காருக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "கொஞ்ச நேரமா பின்னாடி லேசா ஒரு நடுக்கம். ரோடு சரியில்லன்னு நெனச்சேன்" என்றான்.

அக்கா நேரே பின்பக்க இடது சக்கரத்துக்குப் போய், மூடியை எடுத்துவிட்டு ரெஞ்சை வைத்து முறுக்கினார். முதல் போல்ட் 'டிக்' என்று சொல்லுமுன் அரைச் சுற்று சுற்றியது. இரண்டாவதும் அப்படியே. தம்பி மனைவி வாயில் கை வைத்துக்கொண்டாள். ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, வட்டை எடுத்தால், ஹப்பின் முகத்தில் துரு அப்பளம் மாதிரி பொரிந்து நின்றது.

அக்கா தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "என் தப்புடா. சிரிச்சுகிட்டே இதத் தேய்க்காம விட்டுட்டேன். நூறு கிலோமீட்டர்ல பாக்கணும்னும் சொல்லல." நிறுத்தியவர், மூச்சு வாங்கிக்கொண்டு மீதியையும் சொன்னார். "அன்னிக்குத் திரும்பி வந்த சக்கரமும் நான் போட்டதுதான். பத்து நாள்லயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. சொல்ல வாய் வரல."

"நான் போடலன்னு எனக்குத் தெரியாதாக்கா? நீ என்னைக்குச் சொல்லுவேன்னுதான் பாத்துட்டு இருந்தேன்."

"அப்புறம் ஏன்டா வண்டிய என்கிட்டயே கொண்டுவந்த?"

"வேற எவன் கையிலயும் குடுக்க மனசு வரல."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார். முந்தானையில் இருந்த கிரீஸ் மூக்கில் ஒட்டிக்கொண்டது. "அண்ணி, மூக்கு" என்றாள் தம்பி மனைவி, சிரிப்பை அடக்க முடியாமல். தம்பி பிரஷ்ஷை வாங்கி, உட்கார்ந்து ஹப்பைத் தேய்க்க ஆரம்பித்தான். பளபளவென்று வரும் வரை தேய்த்தான். அந்தச் சக்கரத்தின் மரை நசுங்கிய ஐந்து போல்ட்டையும் தூக்கிப் போட்டுவிட்டு அக்கா புதிது கொடுத்தார். வட்டையும் மாற்றினார். மற்ற மூன்று சக்கரங்களும் ஒரு மயிரிழை அசையவில்லை.

"மறுபடி நூறு கிலோமீட்டர் ஓடினதும் பாக்கணும்" என்றார். மலைக்கு மேலே யார் பார்ப்பார்கள்? வாத்தியாரைக்கூடத் தொடவிடாத தன் டார்க் ரெஞ்சைத் துணியில் சுற்றி, தம்பியின் கையில் கொடுத்தார். "நீயே பாத்துக்கோ."

மறுநாள் மத்தியானம் போன் வந்தது.

"இருபது போல்ட்டும் பாத்தாச்சுக்கா. எல்லாம் சரியா இருக்கு."

வரிசை மாறாமல் பார்த்தாயா, வண்டியைச் சமதளத்தில் நிறுத்தினாயா என்று நாலு கேள்வி அக்காவின் நாக்கு நுனி வரை வந்தது. எதிரில் உட்கார்ந்திருந்த வாத்தியார் பேப்பரைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்த்தார். அக்கா நாலையும் விழுங்கினார்.

"நீ பாத்தா சரியாத்தான்டா இருக்கும்" என்றார்.