பட்டிப்பொலவில் கிடைத்த கார்பரேட்டர்

எங்கள் பிக்கப்பை ஓட்டுவது என் மனைவி. நானும் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். தேயிலைச் செடிகளுக்குள் கொண்டுபோய் நிறுத்தியதோடு அந்த ஆசையை விட்டுவிட்டேன். அவளுடைய அப்பா தோட்டத்து லொறி டிரைவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து வளர்ந்தவளுக்கு வளைவும் பயமில்லை, ஏற்றமும் பயமில்லை. அவள் ஓட்டுவாள், நான் பால் அளப்பேன். ஹட்டனுக்கு மேலே இரண்டு தோட்டங்களில் மாடு வளர்க்கிற பதினாறு வீடுகள். அங்கே காலையில் பாலெடுத்து எட்டரை மணிக்குள் டவுனில் இருக்கும் பால் நிலையத்தில் இறக்கிவிட வேண்டும். அதுதான் எங்கள் பிழைப்பு.

பிக்கப் ஜப்பானில் செய்தது, எங்கள் இரண்டு பேருக்கும் மூத்தது. அது எங்களை நடுவழியில் விட்ட நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதனால்தான் அன்று காலை அவள் மூக்கைச் சுளித்தபோது நான் அலட்சியமாக இருந்துவிட்டேன்.

"என்னங்க, பெட்ரோல் வாடை அடிக்குதுல்ல?"

"மழைக்கு அப்படித்தான் இருக்கும். போ."

அவள் போகவில்லை. அடுத்த வளைவிலேயே ஓரங்கட்டினாள். நான் இறங்கி டயருக்குக் கல் வைத்துவிட்டு பொனட்டைத் திறந்தேன். கார்பரேட்டரின் அடியிலிருந்து பெட்ரோல் சொட்டுச் சொட்டாகக் கொதிக்கிற இரும்பின் மேல் விழுந்து, ஒவ்வொரு சொட்டும் புகையாகிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால் தீப்பிடித்திருக்கும். அந்த வழியாக வந்த லொறியில் கட்டி வண்டியை டவுனுக்கு இழுத்துப்போனோம்.

ஹட்டனில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அதைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பாடியிலேயே வெடிப்பு அக்கா. எதை வச்சு ஒட்டினாலும் பெட்ரோல் பட்டுக் கரைஞ்சிரும். தயவுசெஞ்சு இதோட ஓட்டாதீங்க. வண்டி மட்டும் எரிஞ்சா பரவாயில்ல."

கொழும்பிலிருந்து பஸ்ஸில் புதிதாக ஒன்று வரவழைத்துக் கொடுத்தார். பளபளவென்று இருந்தது. டவுன் ரோட்டில் நன்றாகத்தான் ஓடியது. தோட்டத்து ஏற்றத்தில் பால் கேன்களோடு ஏறும்போது பாதியில் மூச்சுத் திணறி நின்றுவிட்டது. மெக்கானிக் அதை நான்கு தடவை கழற்றி மாட்டினார். கடைசியில் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்.

"இது நம்ம இஞ்சினுக்கு சரிவராது அண்ணே. இந்த வண்டிக்குன்னே செஞ்சது வேணும். பழசா இருந்தாலும் பரவாயில்ல."

ஹட்டனில் அப்படி ஒன்று இல்லை. நுவரெலியாவில் பழைய சாமான் விற்கிற இரண்டு கடைகளிலும் இல்லை. அதுவரைக்கும் ஆட்டோ பிடித்துப் பாலெடுத்தோம். தோட்டத்தின் உச்சிப் பகுதியான மேல் டிவிஷனுக்கு ஆட்டோ ஏறாது. அங்கே இருக்கிற ஐந்து வீட்டுக்காரர்களும் கேனைத் தலையில் வைத்துக்கொண்டு மழையில் பெரிய ரோடு வரைக்கும் இறங்கி வந்தார்கள். எட்டாவது நாள் அவர்களில் ஒருத்தி வழுக்கி விழுந்தாள். முழங்காலில் ரத்தம் வழிய, கொட்டிப்போன பாலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைத் தூக்கிவிட்ட அக்கா என்னிடம் சொன்னார்:

"எத்தன நாளைக்கு தம்பி இப்புடி சொமக்கிறது? பால் எடுக்குற வேற ஆளுங்க வந்து கேக்குறாங்க. ஒங்க மொகத்துக்காகத்தான் இன்னும் குடுக்காம இருக்கோம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு என் மனைவி, வெடித்த கார்பரேட்டரைப் படமெடுத்து, பழைய வண்டி வைத்திருப்பவர்களின் போன் குழுவொன்றில் போட்டாள். மறுநாள் பட்டிப்பொலவிலிருந்து சிங்களத்தில் ஒரு பதில் வந்தது. "இதே வண்டி எங்கள் வீட்டில் நிற்கிறது. வந்து பாருங்கள்." அவ்வளவுதான்.

அடுத்த நாள் பாலைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினோம். வெடித்த கார்பரேட்டரைத் துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்து, வழி முழுக்க அவள் மடியிலேயே வைத்திருந்தாள். நானுஓயா தாண்டியதும் குளிர் ஏறியது.

"கெடைக்கலன்னா?" என்று கேட்டேன்.

"போய்ப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றாள்.

ஸ்டேஷனுக்குக் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர் வந்திருந்தார். மரக்கறித் தோட்டம் செய்கிறவர், முப்பத்தைந்து வயது இருக்கும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வண்டி நின்றது. நிறம் மட்டும்தான் வேறு, மற்றபடி அப்படியே எங்கள் பிக்கப். டயர்களில் காற்று இல்லை. ஆனால் கண்ணாடியில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. பொனட்டைத் திறந்தவுடன் என் மனைவி என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாங்கள் தேடி அலைந்தது, வெடிப்பில்லாமல், முழுசாக இருந்தது.

அப்போதுதான் அந்த மனிதர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். வண்டி அவருடைய அண்ணனுடையது. அண்ணன் இறந்து இரண்டு வருஷமாகிறது. அண்ணி சம்மதிக்க வேண்டும். அண்ணியிடம் அவர் இன்னும் கேட்கவில்லை.

கேரட் பாத்தியிலிருந்து கையெல்லாம் மண்ணோடு அந்த அம்மா வந்தார். கொழுந்தன் சொல்லி முடிக்கும் முன்பே முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார்.

"இந்த வண்டியிலருந்து ஒரு ஆணிகூட வெளியே போகாது" என்றார் சிங்களத்தில்.

என் மனைவிக்குச் சிங்களம் என்னைவிட நன்றாக வரும். அவள் கெஞ்சுவாள் என்று நினைத்தேன். "சரி அக்கே, மன்னிச்சுக்கங்க" என்று மட்டும் சொல்லி பொனட்டை மெதுவாக மூடினாள். பிறகு கண்ணாடியைத் தொட்டுப் பார்த்து, "நீங்களா தொடைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை தவறாம." அவர் எங்களை மாறிமாறிப் பார்த்தார். "ஒங்க வண்டிய இவரா ஓட்டுறாரு?"

"இல்ல, நான்தான்."

அந்த அம்மா நம்பவில்லை. என்னைப் பார்த்தார். நான் ஆமென்று தலையாட்டியதும் சிரித்துவிட்டார். தன் வீட்டுக்காரர் தனக்கும் ஓட்டப் பழக்கப் பார்த்ததாகவும், இரண்டாம் நாளே பயந்து இறங்கி ஓடிவிட்டதாகவும் சொன்னார். எங்களைக் குசினிக்குள் கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்தார். எந்த ரோடு, எத்தனை கேன், ஏற்றத்தில் எந்த கியர் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விழுந்தவளின் முழங்காலைப் பற்றிச் சொன்னபோது எழுந்துபோய் வண்டிச் சாவியை எடுத்து வந்தார்.

"அவர் போனதுக்கப்புறம் இத யாரும் ஸ்டார்ட் பண்ணல" என்றார் பிறகு. "ஒரு தடவ அந்தச் சத்தத்தக் கேக்கணும். ஒன்னால முடியுமா நங்கி? ஓடிச்சுன்னா எடுத்துட்டுப் போ." என் மனைவியைத்தான் சிங்களத்தில் தங்கை என்று கூப்பிட்டார்.

கொழுந்தன் டிராக்டரின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்தார். டாங்கியில் கிடந்த பழைய பெட்ரோலை வடித்துக் கீழே கொட்டினோம். என் மனைவி முழங்கை வரை கறுப்பாக, கார்பரேட்டரைத் திறந்து ஒவ்வொரு துவாரமாக ஊதினாள். நான் பெட்ரோல் போத்தலைப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் போயிருக்கும். முதல் இரண்டு தடவை இஞ்சின் இருமி நின்றது. மூன்றாவது தடவை பிடித்துக்கொண்டது.

அந்த அம்மா கதவின் மேல் கையை வைத்தபடி நின்றார். தகரக் கூரையும் சேர்ந்து அதிர்ந்தது. ஐந்து நிமிஷம் கழித்து அவரே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார்.

"போதும்."

நாங்கள் கார்பரேட்டரைக் கழற்றியதும் அந்தக் காலி இடத்தைப் பார்த்து, "அத வெறுமையா விடாதே நங்கி" என்றார். அதனால் எங்களுடைய வெடித்ததை அங்கே வைத்து முடுக்கினோம். பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. விலையைக் கொழுந்தனிடம் பேசிக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பாத்திக்குத் திரும்பிப் போனார். ஸ்டேஷனுக்குப் போகும்போது திரும்பிப் பார்த்தேன். குனிந்து கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் மெக்கானிக் அதை மாட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டு, "இப்பத்தான் அக்கா சரியா மூச்சு விடுது" என்றார்.

அதற்கடுத்த காலையில் மேல் டிவிஷனுக்கு ஏறினோம். அந்த ஏற்றத்தில் நான் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை அடக்கி உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டாம் கியரில் நிதானமாக ஏற்றினாள். வளைவு தாண்டியது, அடுத்த வளைவும் தாண்டியது. மேலே ஐந்து பேரும் கேன்களோடு தங்கள் லயத்து வீடுகளின் வாசலிலேயே நின்றார்கள். முழங்காலில் கட்டுப்போட்டவள்தான் முதலில் கேனை நீட்டினாள்.

"வந்துட்டீங்களா? அளங்க, அளங்க" என்றாள், நாங்கள் நேற்றும் வந்துபோன மாதிரி.

பாலை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தோம். அவள் குளித்து, இரண்டு ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் பகல் பதினொரு மணிக்குப் படுத்தாள். கல்யாணமான இந்த இருபது வருஷத்தில் அவள் பகலில் படுத்து நான் பார்த்ததில்லை. நான் கேன்களைச் சத்தமில்லாமல் கழுவி வெளியே கவிழ்த்துவைத்தேன். நாலு மணி வரைக்கும் நன்றாகத் தூங்கினாள்.