கன்னத்தில் ஒதுக்கிய பல்

சென்ற புதன்கிழமை காலை சிராங்கூன் சாலையில் மாடொன்று குறுக்கே பாய, நாங்கள் ஏறிவந்த ரிக்‌ஷா குடைசாய்ந்தது. என் மைத்துனர் வேலாயுதம் முகங்குப்புற விழுந்தார். எழுந்தபோது வாயெல்லாம் இரத்தம். முன்பல் ஒன்று வேரோடு அவர் உள்ளங்கையில்!

அன்பர்களே, பிறருக்கு அது வெறும் பல். இவரோ நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் புதிதாய்த் தெரிந்தெடுக்கப்பட்டவர். திங்கட்கிழமை நீதிபதி துரையவர்கள் முன்னிலையில் பேசிக் காட்டினால்தான் வேலை நிலைக்கும். காற்றுப்போகும் வாயால் சாட்சியத்தை எடுத்துரைப்பது எங்ஙனம்?

அருகிலிருந்த பல் வைத்தியரிடம் ஓடினோம்.

"செத்த பல்லுங்க, தூக்கிப் போடுங்க. ஒரு மாசத்துல பொய்ப்பல்லு கட்டித் தாரேன்" என்றார் - குறடு கையிலேயே இருந்தது.

"தூக்கிப் போட மாட்டேன், அத்தான்!" வேலாயுதம் பல்லை வாயில் போட்டுக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார்.

பட்டணத்து வெள்ளைக்கார வைத்தியரிடம் வேறொரு ரிக்‌ஷாவில் விரைந்தோம். ஒவ்வொரு குலுக்கலிலும் எனக்கு உயிர் போய் வந்தது.

"மாப்ளே, முழுங்கிடாதீங்க!"

"நீங்க பேச்சுக் குடுக்காதீங்க... அப்பதான் முழுங்கிருவேன்!"

வைத்தியர் பல்லைப் பார்த்தார். பின்னர் அலமாரியிலிருந்து தடித்த புத்தகமொன்றை எடுத்துப் புரட்டலானார். நோயாளிக்கு இதனினும் அச்சந்தரும் காட்சி உண்டோ?

"படித்திருக்கிறேன், செய்ததில்லை" என்று ஆங்கிலத்தில் ஒப்புக்கொண்டார். வாயிலேயே வைத்திருந்ததால் வேர் காயவில்லை, அது நன்று என்றார். திரும்ப வைத்தால் ஒட்டிக்கொள்ளலாம், சீழ் பிடிக்கலாம், தாடை இறுகி உயிருக்கே கேடு வரவும் கூடும்...

"வேணாம் மாப்ளே, வீட்டுக்குப் போயிருவோம்" என்றேன். வேலாயுதமோ நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்துவிட்டார்.

பல்லைக் குழியில் அழுத்தி, பக்கத்துப் பற்களோடு பட்டுநூலால் கட்டினார் வைத்தியர். அந்த முனகலை நான் மறக்கப்போவதில்லை.

வைத்தியர்களைக் குறைகூற நான் துணியேன். பிடுங்கச் சொல்லி நாள்தோறும் வருகிறோம். வைக்கச் சொல்லி எவர் வருகிறார்? ஆயினும், விழுவதற்கு முன்னரே கேட்டு வைத்தல் நலம் - "ஐயா, விழுந்த பல்லைத் திரும்ப வைக்கத் தெரியுமா?"

திங்களன்று நீதிமன்றத்தின் பின்வரிசையில் அமர்ந்திருந்தேன். "இன்னும் உரக்க!" என்றார் துரை. வேலாயுதம் குரலை உயர்த்தினார். சாட்சி என்ன சொன்னான் என்பதை நான் அறியேன். பல் விழும் ஓசைக்கே செவிசாய்த்திருந்தேன்.

வெளியே ஓடிவந்தார். "வேலை நெலச்சிருச்சு, அத்தான்!" - முகமெல்லாம் சிரிப்பு.

"வாயை மூடுங்க, மாப்ளே!" என்று அலறினேன்.