காப்புக்கு மேல் நீல பிளாஸ்திரி

சோரியாங்குப்பம் செல்வகுமாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு வாய் ஓயாது. பாகூருக்குப் பக்கத்திலுள்ள பிஸ்கட் கம்பெனியில் ஆறு வருடமாக இரண்டு பேரும் ஒரே பெல்ட்டில் பேக்கிங். நாங்கள் அடுக்குகிற பிஸ்கட்டை பெல்ஜியத்தில் காபியில் தொட்டுத் தின்கிறார்களாம்.

இந்த ஆடியில் அவள் திரௌபதி அம்மனுக்குத் தீ மிதிக்கக் காப்புக் கட்டிக்கொண்டாள். டிராக்டர் கவிழ்ந்து படுக்கையில் கிடந்த அவள் புருஷன் தங்கவேல் எழுந்து நடந்ததற்கான வேண்டுதல். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கு. தீ மிதித்து முடிகிற வரை, பத்து நாள், அவிழ்க்கக் கூடாது.

கம்பெனியிலோ கையில் ஒரு நூல்கூட இருக்கக் கூடாது. சூப்பர்வைசர் வேலை அவளுக்கென்று பேசி முடித்திருந்த நேரம். பிஸ்கட் வாங்குகிற கம்பெனியிலிருந்து ஒரு பெல்ஜியத்து அம்மா சோதனைக்கு வருவதும் அந்த வாரம்தான். கயிற்றை அவிழ், இல்லையென்றால் லீவு போடு, லீவு போட்டால் சூப்பர்வைசர் வேறு ஆள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவளோ சுவரில் ஒட்டியிருந்த விதிகளை நிதானமாகப் படித்துக்கொண்டு நின்றாள். கல் வைக்காத கல்யாண மோதிரம் இருக்கலாம். காயம் இருந்தால், பிஸ்கட்டில் விழுந்தாலும் கண்ணில் படுகிற நீல பிளாஸ்திரி ஒட்டி, மேலே கையுறை போட்டுக்கொள்ளலாம்.

மறுநாள் காப்பு மேல் பிளாஸ்திரியைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மேனேஜர் பார்த்தும் பார்க்காதது போலப் போனார்.

பெல்ஜியத்து அம்மா எல்லோரையும் கையுறையைக் கழற்றச் சொன்னாள். நீலப் பட்டையைக் காட்டி என்னவென்று கேட்டாள். மேனேஜர் முந்திக்கொண்டு, சின்ன வெட்டுக்காயம் என்று ஆங்கிலத்தில் சமாளித்தார். செல்வகுமாரி தலையாட்டியிருந்தால் போதும், சூப்பர்வைசர் வேலை கையில். ஆனால் காப்புக் கட்டிய கையோடு பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“நோ மேடம், காயம் இல்ல. சாமிக்குக் கட்ன காப்பு. தீ மிதிக்கிற வரிக்கும் அவுக்க மாட்டேன். உங்க கல்யாண மோதரத்தக் கழட்டச் சொன்னா கழட்டுவீங்களா? அப்புடியே சொல்லுங்க சார்.”

மேனேஜர் தட்டுத் தடுமாறி அதை ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அம்மா தன் மோதிரத்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிறகு பிளாஸ்திரியின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தாள். அசையவில்லை. கையுறையைப் போடச் சொல்லி இழுத்துப் பார்த்தாள். ஏதோ எழுதிக்கொண்டு போய்விட்டாள். 

சாயங்காலம் புது விதித் தாள் வந்தது. மோதிரத்துக்கு அடுத்த வரியாகச் சேர்த்திருந்தார்கள்: முழுக்க மூடியிருந்தால் காப்பும் இருக்கலாம். நாங்கள் போட்ட கூச்சலில் பெல்ட்டை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஞாயிற்றுக்கிழமை அவள் குண்டத்தில் இறங்கினாள். கோவிந்தா போட்டே என் தொண்டை கட்டிவிட்டது. அந்தப் பக்கம் தங்கவேல் தன் காலில் நின்று அவளைக் கைபிடித்துக்கொண்டான். மறுநாள் காப்பை அவிழ்த்த கையோடு வந்து சூப்பர்வைசர் தொப்பியைப் போட்டுக்கொண்டாள்.

மேனேஜர் என்னிடம் வந்தார். “மஞ்சுளா, அடுத்த வருஷம் எத்தினி பேரு காப்புக் கட்டுவீங்க? பிளாஸ்திரிக்கு இப்பவே ஆர்டர் போடணும்.”

“நாலு பேரு சார்,” என்றேன். “என்னையும் சேத்து.”