தியேட்டர் பேய்க்கு ஓர் இலை

அருப்புக்கோட்டையில் அந்தப் பழைய தியேட்டரை இடித்த பிறகும் பேய் மட்டும் காலி செய்யவில்லை என்றுதான் பேச்சு. அதனாலேயே ரொம்ப நாள் யாரும் அந்த இடத்தை வாங்கவில்லை. கடைசியில் வாங்கி ஹோட்டல் கட்டியவர் கெட்டிக்காரர். பயந்து ஒதுங்கிய சனங்களை அந்தப் பயத்தை வைத்தே உள்ளே இழுத்தார். தியேட்டர் பேய்க் கதைப் போட்டி, ஞாயிற்றுக்கிழமை மதியம், மைக்கில் சொல்ல வேண்டும், அதிகம் கைதட்டல் வாங்குபவருக்கு நாலு பேர் விருந்து என்று வாசலில் பேனர் கட்டினார்.

மைக்கைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். உடனே பேர் கொடுத்துவிட்டேன்.

பேயின் கதை ஊருக்கே தெரியும். பச்சைச் சேலை கட்டி மாட்னி பார்க்க வந்த ஒரு பெண் வீடு திரும்பவில்லை, செத்துப்போனாள், பெண்கள் பக்கத்துக் கடைசி பெஞ்சில் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். ஊருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அவர் சாகவில்லை. அவர் என் அப்பாவின் தங்கை.

நான் பிறப்பதற்கு முன்னால் நடந்தது, அம்மா சொல்லித்தான் தெரியும். அந்தத் தியேட்டரில் படம் ஓட்டியவரோடு அத்தை போய்விட்டார். அவர் வேறு சாதி. மறுநாள் அப்பா தெருவே பார்க்கத் தலைமுழுகினார். உயிரோடு இருக்கிறவளை உறவில்லை என்று அறுத்துவிடும் முழுக்கு அது. கேட்டவர்களிடமெல்லாம் "அவ செத்துட்டா" என்றார். நாலு தெரு தள்ளி இருந்தவர்கள் அதை நிஜச் சாவு என்றே எடுத்துக்கொண்டார்கள். பேயும் அப்படித்தான் வந்தது. எங்கள் வீட்டில் யாரும் திருத்தவில்லை. ஓடிப்போனவளை விடப் பேய் எங்களுக்குக் கௌரவமாக இருந்தது.

அத்தை நரிக்குடிப் பக்கம் ஆடு வளர்த்துக்கொண்டு நன்றாகவே இருந்தார். அப்பா இறந்த அன்று தெருமுனை வரை வந்தார். சொந்தக்காரர்கள் உள்ளே விடவில்லை. நான்தான் பின்னாலேயே போய் என் நம்பரைக் கொடுத்தேன். அதை நினைத்து என்னை நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

போட்டியன்று வெளுத்துக்கட்டினேன். பேய்க்குக் கால் தரையில் பாவாது என்றேன். மல்லிகை வாசம் வரும் என்றேன். அதற்கும் கூட்டம் அசையவில்லை. உடனே சொந்தச் சரக்கை எடுத்துவிட்டேன்.

"இடைவேளைக்கு லைட்டு போட்டதும் அவ வாசலையே பாப்பா. பக்கத்துல உக்காந்திருக்கவுகட்ட, 'எங்கண்ணன் வந்துட்டாகளா?'ன்னு கேப்பா."

ஹோட்டலே அதிர்ந்தது. பரிசு எனக்குத்தான்.

எவரோ எடுத்த வீடியோ இரண்டே நாளில் நரிக்குடிக்குப் போய்விட்டது. போன் வந்தது.

"எய்யா, அத்தை பேசுறேன். பேத்தி போட்டுக் காமிச்சா. நல்லாத்தான் சொல்லியிருக்க."

போனோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"அன்னைக்கு நெசமாவே வாசலத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். அண்ணன் வந்து ஒரு வார்த்தை கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவோம்னு. அத உனக்கு யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. கைதட்டலுக்காக நான் இட்டுக்கட்டியது.

"பரிசு என்னய்யா?"

"நாலு பேருக்குச் சாப்பாடு, அத்தை."

"நீங்க மூணு பேருதான? நாலாவதா நான் வரட்டா?"

ஜெயித்தவர் குடும்பத்தைப் போட்டோ எடுத்துச் சுவரில் மாட்டப்போவதாக முதலாளி சொல்லியிருந்தார். இது யார் என்று ஊர் கேட்கும். அந்த ஒரு நொடியில் எனக்கு அதுதான் தோன்றியது.

"சொல்றேன் அத்தை," என்றேன்.

"சரிய்யா, வேலையப் பாரு," என்று வைத்துவிட்டார். நான் அதன் பிறகு கூப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் மேஜையில் சர்வர் நாலு இலை போட்டார். மூன்று பேர்தான் வந்திருக்கிறோம் என்றதும் நாலாவது இலையைக் கையில் எடுத்தார்.

"இது யாருக்குண்ணே, அந்தப் பேய்க்கா?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன்.