மாடிப்படிக்கு அடியில் சிலிண்டர்கள்

குற்றாலத்துக்குச் சாரல் சீசனில் குடும்பமாக வருகிறவர்கள் லாட்ஜிலேயே சமைத்துச் சாப்பிடுவார்கள். அதற்காக, என் அம்மா பாத்திரம் கழுவிய லாட்ஜின் முதலாளி, மாடிப்படிக்கு அடியில் கேஸ் சிலிண்டர்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார்.

ஒருநாள் லேசான நில அதிர்வு. மேலே இருந்த சிலிண்டர் உருண்டு, பக்கத்தில் பாத்திரம் கழுவும் அறையின் கதவை அடைத்துக்கொள்ள, அம்மா உள்ளே மாட்டிக்கொண்டார். கேஸ் வாடை பரவியது. அடுப்பு எரியாததால் தப்பினோம். சாப்பாடு கொண்டுபோயிருந்த நான்தான் சிலிண்டரை இழுத்துப்போட்டேன்.

"இதையெல்லாம் வெளிய வைங்க, அண்ணாச்சி" என்றேன் முதலாளியிடம்.

"ஏட்டி, ஒங்க வீட்டுல மொத ஆளா காலேஜுக்குப் போயிட்டா எனக்கே புத்தி சொல்லுதியோ? ஒங்கம்மாவ நாளையிலேருந்து வரவேண்டாம்னு சொல்லு."

எனக்கு வன்மம் வந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. தெருப் பெண்களைத் திரட்டி, தீயணைப்பு நிலையத்தில் மனு கொடுத்தேன். அதிகாரிகள் வந்து பார்த்து லாட்ஜைப் பூட்டினார்கள்.

முதலாளி எங்கள் வாசலுக்கு வந்தார். "சீசன் நேரத்துல இப்படிப் பண்ணிட்டியே, தாயி."

"எங்கம்மாவையும் சீசன் நேரத்துலதான் வரவேண்டாம்னீங்க, அண்ணாச்சி."

சிலிண்டர்களை வெளியே மாற்றிய பிறகுதான் அவர் லாட்ஜைத் திறக்கவிட்டார்கள். இப்போது ஒவ்வொரு வருஷமும் சாரல் தொடங்குமுன் தெருப் பெண்கள் நாங்கள் லாட்ஜ் லாட்ஜாகப் போய் மாடிப்படிக்கு அடியில் குனிந்து பார்க்கிறோம். சிலிண்டர்களை வெளியே கம்பிக்கூண்டில் சங்கிலியால் கட்டி நிறுத்த வைக்கிறோம். முதலில் போவது அவருடைய லாட்ஜுக்குத்தான். அங்கே மட்டும் அம்மாவை முன்னால் நடக்கவிடுகிறேன்.